மாடலை விடுங்கள், முதலில் ஒயரைப் பாருங்கள்

ஜனவரி பிறந்தால் எங்கள் ஆய்வகத்தில் கூட்டம் கூடிவிடும். இறுதியாண்டுத் திட்டத்தைக் காட்ட வேண்டிய நாள் நெருங்க நெருங்க, மாணவர்கள் மடிக்கணினியையும் ஒயர்க் கொத்தையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். "அண்ணே, சிமுலேஷன்ல நல்லா ஓடுது. போர்டை மாட்டினா ஓட மாட்டேங்குது." சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் இதே வசனத்தை ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறேன். வருகிறவர்கள் எல்லாருமே வருவதற்கு முன் ஒரு காரியம் செய்திருப்பார்கள்: சிமுலேஷன் மாடலைப் பிரித்து மேய்ந்திருப்பார்கள். கெயினை மாற்றி, ஃபில்டர் சேர்த்து, சால்வரை மாற்றி, கடைசியில் முதலில் இருந்த மாடல் எது என்றே தெரியாமல் போயிருக்கும். கோளாறு பெரும்பாலும் மாடலில் இருக்காது.

கீழே உள்ளவை நான் சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளையும், மாடலை நிஜ போர்டோடு இணைத்து ஓட்டும் அதன் டெஸ்க்டாப் ரியல்-டைம் கருவியையும் மனத்தில் வைத்து எழுதியவை. போர்டு என்று நான் சொல்வது கணினியைச் சென்சரோடும் மோட்டாரோடும் இணைக்கும் அட்டையை. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயர்தான் மாறும், நோய் ஒன்றுதான்.

எதையும் தொடுவதற்கு முன்: ஒரே ஒரு ஒயர்

சென்சரையும் மோட்டாரையும் கழற்றி ஓரமாக வையுங்கள். போர்டின் முதல் அனலாக் அவுட்புட்டிலிருந்து முதல் அனலாக் இன்புட்டுக்கு ஒரு ஜம்பர் ஒயர் போடுங்கள். புதிய, காலியான மாடல் ஒன்றைத் திறந்து, 1 வோல்ட் அனுப்புங்கள். அப்புறம் 2.5, அப்புறம் 4. போனது அப்படியே திரும்பி வந்தால் டிரைவர், போர்டு, சேனல் எண், அளவீடு எல்லாம் சரி. கோளாறு நீங்கள் கழற்றி வைத்த பொருள்களில் இருக்கிறது. திரும்பி வராவிட்டால் சென்சரைச் சந்தேகிக்கவே வேண்டாம், இந்தப் பக்கம்தான் தேட வேண்டும். இரண்டே நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆர்டுவினோ ஊனோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் நிஜமான அனலாக் அவுட்புட் கிடையாது. 'அனலாக் ரைட்' என்று பெயர் இருந்தாலும் வெளியே வருவது 0-க்கும் 5-க்கும் இடையே துள்ளும் பல்ஸ், பெரும்பாலான பின்களில் ஏறக்குறைய 490 ஹெர்ட்ஸ். அதை நேராக இன்புட்டில் கொடுத்தால் ஒரு வாசிப்பு 0, அடுத்தது 5 என்று பைத்தியம் பிடித்தது போல வரும். இடையில் ஒரு 10 கிலோ-ஓம் ரெசிஸ்டர், இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அமைதியாகிவிடும்.

இன்னொரு சோதனைக் கருவி புளோக்கின் கீழ்த்தளத்து மாமாக்கடையில் கிடைக்கும் சாதாரண டபுள்-ஏ பேட்டரி. மல்டிமீட்டரில் 1.58 காட்டினால் மாடலிலும் 1.58 பக்கத்தில் வர வேண்டும். சரியாக இருமடங்கு அல்லது பாதி வந்தால் ரேஞ்ச் தேர்வில் பிழை. போர்டு மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை என்றிருக்க, மாடலில் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 என்று வைத்திருப்பீர்கள்.

போர்டே கண்ணுக்குத் தெரியவில்லை

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். முதலில் யூ.எஸ்.பி கேபிளை மாற்றுங்கள்: கைப்பேசிக்குச் சார்ஜ் மட்டும் போட வந்த கேபிளில் டேட்டா ஒயரே இருக்காது. அடுத்து, மலிவான ஆர்டுவினோ நகல்களில் சி.எச்.340 என்ற சிப் இருக்கும், அதற்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். மூன்றாவது, வேறு மென்பொருள் அதே போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். சீரியல் மானிட்டர் சன்னலை எங்கோ பின்னால் திறந்து வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். கேபிளை வேறு துளையில் செருகினால் போர்ட் எண் மாறலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிகிறது, ஆனால் முதல் இரண்டு விநாடி மட்டும் குப்பையாக வருகிறது என்றால் அது கோளாறே இல்லை. ஊனோ, மெகா போன்றவை போர்ட்டைத் திறந்த உடனேயே ரீசெட் ஆகி எழுந்து வரும். 2 விநாடி காத்திருந்துவிட்டு வாசியுங்கள்.

'ரன்' அழுத்தினேன், 10 விநாடி சிமுலேஷன் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது

மென்பொருள் தன் வேலையைத்தான் செய்கிறது. கணினியால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டு முடிப்பதுதான் சாதாரண சிமுலேஷன். அதற்குச் சுவர்க் கடிகாரம் தெரியாது. மோட்டார் அசைய நினைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இதற்கு மாணவர்கள் கண்டுபிடிக்கும் முதல் மருந்து 'பேசிங்'. அது சிமுலேஷனை நிஜ நேரத்துக்கு ஏறக்குறைய இழுத்துப் பிடிக்கும். கண்ணால் பார்க்க நன்றாக இருக்கும், கட்டுப்பாட்டு வளையத்துக்கு ஆகாது. ஒவ்வொரு ஸ்டெப்பும் நேரத்துக்கு நடக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. ரியல்-டைம் கெர்னலை நிறுவி, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே இடைவெளி விடும் ஃபிக்ஸ்டு-ஸ்டெப் சால்வருக்கு மாறி, இன்புட் அவுட்புட் பிளாக்குகளின் சாம்பிள் டைமையும் (எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வாசிப்பது என்பதையும்) சால்வரின் ஸ்டெப்பையும் ஒத்துப்போக வையுங்கள். வேரியபிள்-ஸ்டெப்பில் விட்டுவிட்டு நிஜ மோட்டாரை ஓட்ட முயல்வது, பேருந்து எப்போது வேண்டுமானாலும் வரட்டும், நான் சரியாக 8 மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன் என்பது போலத்தான்.

எதுவும் மாட்டாத சேனலில் ஏதோ எண் வருகிறது

காலியாக விட்ட இன்புட் பூஜ்ஜியம் காட்டும் என்று யார் சொன்னது? பெரும்பாலான போர்டுகளில் உள்ளே, வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எட்டுச் சேனலையும் அதுதான் வரிசையாக மாறி மாறிப் படிக்கும். முந்தைய சேனலில் 3 வோல்ட் படித்துவிட்டு வரும்போது உள்ளே மிஞ்சியிருக்கும் சார்ஜ், மாட்டாத அடுத்த சேனலிலும் 3 வோல்ட் சாயலைக் காட்டும். ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு, இரண்டு சென்சரும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று நான்கு பக்கம் அறிக்கையே எழுதி வைத்திருந்தான். இரண்டாவது சென்சரின் ஒயர் பிரெட்போர்டில் ஒரு துளை தள்ளி இருந்தது.

பயன்படுத்தாத சேனல்களைக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். மாட்டிய சேனலிலேயே இந்தப் பேய் வந்தால் உங்கள் சென்சரின் மின்தடை அதிகம், ஏ.டி.சி.க்கு நிரம்ப நேரம் போதவில்லை என்று பொருள். இடையில் ஒரு ஆப்-ஆம்ப்பை பஃபராக வைத்தால் போதும்.

இதற்கு நெருங்கிய உறவு இன்னொன்று. டிஃபரன்ஷியல் முறையில், அதாவது இரண்டு முனைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அளக்கும்படி, பேட்டரியோ தெர்மோகப்பிளோ மாட்டினால் அளவு மெதுவாக ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் முட்டி நிற்கும். இரண்டு முனையும் அந்தரத்தில் தொங்குவதுதான் காரணம். மைனஸ் முனையிலிருந்து போர்டின் அனலாக் கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோ-ஓம் வரை ஏதாவது ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்குச் சிம் லிம் டவர் போக வேண்டும். சிம் லிம் ஸ்கொயர் அல்ல, அது கணினிக் கடைகள் இருக்கும் கட்டடம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் முதலாண்டு மாணவர்கள் ஒருமுறையாவது தவறான லிஃப்டில் ஏறுவார்கள்.

நேர்கோடு வர வேண்டிய இடத்தில் அலை வருகிறது

இதுதான் பெரிய வியாதி, சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்கோப்பை, அதாவது அளவை வரைந்து காட்டும் சன்னலை, பெரிதாக்கி, அலையின் இரண்டு முகடுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 20 மில்லிவிநாடி என்றால் சுவரிலிருந்து வருகிறது. இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 50-இன் தலைகீழ்தான் அந்த 20 மில்லிவிநாடி.

இப்போது மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். அலை சுருங்கினால் வழி தெரிந்துவிட்டது. இங்கே விற்கும் பல சார்ஜர்களின் மூன்றாவது பின் வெறும் பிளாஸ்டிக், சாக்கெட்டின் மூடியைத் திறக்க மட்டுமே இருக்கிறது. எர்த் இல்லாததால் மடிக்கணினியின் உடம்பு மின்னழுத்தத்தில் மிதக்கும். உலோக மூடியை விரல் நுனியால் தடவினால் லேசாகச் சுரசுரவென்று இருக்குமே, அதேதான். அந்த மிதப்பு யூ.எஸ்.பி வழியாக உங்கள் போர்டின் கிரவுண்டுக்கு வருகிறது. டெமோ வரை பேட்டரியில் ஓட்டிச் சமாளிக்கலாம், அல்லது யூ.எஸ்.பி ஐசொலேட்டர் ஒன்றை இடையில் போடலாம்.

எர்த் உள்ள பவர் சப்ளையும் எர்த் உள்ள கணினியும் சேர்ந்தால் வேறு விதமான தொல்லை: கிரவுண்டு இரண்டு வழியாகப் போய் வளையமாகிறது. எல்லாக் கிரவுண்டு ஒயர்களும் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி மாற்றிக் கட்டுங்கள். தயவுசெய்து எர்த் பின்னில் டேப் சுற்றுவது, எர்த் ஒயரை வெட்டுவது போன்ற வித்தைகள் வேண்டாம். அலை போகும், கூடவே ஆளும் போகலாம்.

சென்சர் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்குங்கள். மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று கேபிள் டை போட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டுவார்கள், அந்த அழகுக்குத்தான் இந்த விலை. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதை மாடலில் துடைக்கலாம்: 1 மில்லிவிநாடி சாம்பிள் டைம் என்றால் கடைசி 20 வாசிப்புகளின் சராசரியை எடுங்கள். சரியாக ஒரு முழுச் சுழற்சி என்பதால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அடிபட்டுப்போகும். வேகமான கட்டுப்பாட்டு வளையத்தில் அந்தச் சராசரியே சுமார் 10 மில்லிவிநாடி தாமதம் சேர்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அலையே இல்லை, மெதுவாக ஏறி இறங்குகிறது என்றால்? சென்ற ஆண்டு ஒரு மாணவி வெப்பநிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடு வந்தாள். அளவு 50 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. "ஏர்கான் கம்ப்ரஸர் ஆன்-ஆஃப் ஆகுதுண்ணே" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஏர்கானை அணைத்துப் பார்த்தோம், ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. அவளுடைய சாம்பிள் டைம் 20 மில்லிவிநாடி. அதாவது விநாடிக்கு 50 முறை வாசிக்கிறாள். சுவரின் அலையும் விநாடிக்கு 50 முறை. ஒவ்வொரு முறையும் அலையின் ஒரே இடத்தைத்தான் பிடிக்கிறாள். சுவர் 50-க்குப் பதில் 50.02 ஹெர்ட்ஸில் ஓடினால் போதும், அந்த 0.02 வித்தியாசம் 50 விநாடி நீள அலையாகத் தெரியும். சாம்பிள் டைமை 1 மில்லிவிநாடி ஆக்கியதும் 50 ஹெர்ட்ஸ் அலை ஸ்கோப்பில் நேருக்கு நேர் நின்றது. இப்படி முகமூடி போட்டு வரும் அலையை மென்பொருள் ஃபில்டரால் பிடிக்க முடியாது. வாசிப்பதற்கு முன்பே, ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துத் தடுக்க வேண்டும்.

குமிழைத் திருப்பினால் தாமதமாக அசைகிறது, போகப் போகத் தாமதம் கூடுகிறது

"போகப் போக" என்பதுதான் இதில் துப்பு. நிலையான தாமதம் வேறு, வளரும் தாமதம் வேறு.

வளர்கிறது என்றால் போர்டு அனுப்பும் வேகத்துக்கு மாடல் வாசிக்கவில்லை. மிஞ்சியது பஃபரில் வரிசை கட்டி நிற்கிறது, நீங்கள் வரிசையின் முன்னால் நிற்கும் பழைய செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மதிய நேரத்துக் காப்பிக்கடையில் வரிசையின் கடைசியில் நிற்பதுபோல. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் பஃபரில் இருப்பது எல்லாவற்றையும் வாசித்து, கடைசியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசுங்கள்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 115200 பாட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாகும், ஆக விநாடிக்கு 11,520 பைட். ஒரு மில்லிவிநாடிக்கு 11 சொச்சம். இரண்டு அளவுகளை எழுத்தாக "1023,1023" என்று அனுப்பி வரி முடிவுக்கு இரண்டு பைட் சேர்த்தால் சரியாக 11. மூச்சு விட இடமில்லை. 9600-இல் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், மில்லிவிநாடிக்கு ஒரு பைட்கூட முழுதாகப் போகாது. எண்ணை எழுத்தாக அனுப்பாமல் பைனரியாக அனுப்புங்கள், 4 பைட்டில் வேலை முடியும். அப்படிச் செய்யும்போது தொடக்கத்தில் ஓர் அடையாள பைட் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பைட் நழுவினாலும் அதன்பின் வரும் எல்லா எண்களும் அர்த்தமில்லாதவையாக மாறிவிடும்.

நிலையான தாமதம், அதுவும் 16 மில்லிவிநாடி பக்கத்தில் என்றால் யூ.எஸ்.பி.யைச் சீரியலாக மாற்றும் எஃப்.டி.டி.ஐ சிப்பின் லேட்டன்சி டைமரைப் பாருங்கள். வரும்போதே 16-இல் வைத்திருப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புக்குள் போய் 1 ஆக்கலாம். 15.6 மில்லிவிநாடிப் படிக்கட்டாக வந்தால் குற்றவாளி வேறு, அது விண்டோஸின் வழக்கமான டைமர் இடைவெளி. நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டில் 'ஸ்லீப்' போட்டுக் காத்திருக்கிறீர்கள்.

எல்லாம் சரி, அவ்வப்போது மட்டும் ஒரு குதி

இதற்கு, கணினி நேரத்துக்கு முடிக்காமல் தவறவிட்ட ஸ்டெப்புகளை எண்ணும் மிஸ்டு டிக்ஸ் என்ற போர்ட்டை பிளாக்கில் திறந்துவிட்டு, ஸ்கோப்பில் குதியோடு சேர்த்துப் பாருங்கள். குதிக்கும் நேரமும் டிக் தவறும் நேரமும் ஒன்றாக இருந்தால் ஒயரில் தவறில்லை, கணினி வேறு யாருக்கோ வேலை செய்யப் போயிருக்கிறது. வைஃபையை அணையுங்கள். பவர் பிளானை முழுத்திறனில் வையுங்கள். யூ.எஸ்.பி.யைத் தூங்கவைக்கும் அமைப்பை நிறுத்துங்கள். திறந்து வைத்திருக்கும் ஆறு ஸ்கோப்புகளில் ஐந்தை மூடுங்கள். எந்த டிரைவர் தாமதிக்கிறது என்று லேட்டன்சிமான் என்ற மென்பொருள் காட்டிக்கொடுக்கும்.

டிக் தவறும் எண்ணிக்கை இடைவிடாமல் ஏறினால் நீங்கள் கேட்பது முடியாத காரியம். ஃபுல்-ஸ்பீட் யூ.எஸ்.பி.யில் ஒரு ஃபிரேம் 1 மில்லிவிநாடி. ஒரு ஸ்டெப்பில் வாசித்து, கணக்குப் போட்டு, எழுதியும் முடிக்க வேண்டுமென்றால் 1 மில்லிவிநாடி வளையம் அதில் நிற்காது. 5 அல்லது 10 என்று இறங்கி வாருங்கள், அல்லது பி.சி.ஐ.இ கார்டு உள்ள மேசைக் கணினிக்கு மாறுங்கள். பெரும்பாலான மாணவர் திட்டங்களுக்கு 10 மில்லிவிநாடி தாராளம். 1 வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் பதில் வராது.

என்கோடர் எண்ணிக்கை ஒத்துவரவில்லை

என்கோடர் என்பது மோட்டார் சுழல்வதை பல்ஸ்களாகச் சொல்லும் சென்சர். எண்ணிக்கை சரியாக நான்கு மடங்கு வந்தால் அது பிழையல்ல. 500 கோடு என்கோடரை இரண்டு சேனலின் எல்லா விளிம்பையும் எண்ணினால் சுற்றுக்கு 2000. வகுத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு சுற்றுவரை அழகாக ஓடி, திடீரென்று பெரிய மைனஸ் எண்ணுக்குத் தாவினால் ஊனோவில் 'இன்ட்' வகை மாறியில் எண்ணுகிறீர்கள். அது 32,767 வரைதான் கொள்ளும். 2000-ஆல் வகுத்தால் 16.4. 'லாங்' ஆக்குங்கள்.

வேகம் படிக்கட்டு போல 30, 60, 90 ஆர்.பி.எம் என்று தாவுகிறதா? 1 மில்லிவிநாடியில் ஒரே ஒரு எண்ணிக்கை கூடினாலும் அது விநாடிக்கு அரைச் சுற்று, நிமிடத்துக்கு 30 சுற்று. அதற்கு இடைப்பட்ட வேகத்தைச் சொல்ல உங்களிடம் எண்ணிக்கையே இல்லை. 10 மில்லிவிநாடி இடைவெளியில் வித்தியாசம் எடுத்தால் படி 3 ஆர்.பி.எம் ஆகச் சுருங்கும். வேகம் கூடும்போது எண்ணிக்கை குறைந்தால் டிஜிட்டல் இன்புட் வழியாக மாடலிலேயே எண்ணுகிறீர்கள் என்று அர்த்தம். 1500 ஆர்.பி.எம்-இல் விநாடிக்கு 50,000 விளிம்புகள் வரும், ஆயிரம் முறை எட்டிப் பார்ப்பவரால் எப்படி எண்ண முடியும்? போர்டிலுள்ள கவுண்டருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். அது குவாட்ரச்சர் எண்ணும், அதாவது இரண்டு சேனலையும் சேர்த்துத் திசையோடு எண்ணும், கவுண்டர்தானா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யூ.எஸ்.பி-6008 மாதிரி சின்ன போர்டுகளில் இருப்பது வெறும் நிகழ்வு எண்ணி, திசை தெரியாது.

கேபிளைச் செருகியதுமே ரிலே 'டிக்' என்கிறது

மாடல் ஓடத் தொடங்கும்வரை போர்டின் பின்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. அதே 6008-இல் டிஜிட்டல் கோடுகள் 4.7 கிலோ-ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுக்கப்பட்டிருக்கும், ஆகவே உயிர் வந்ததும் 'ஹை'. ஆர்டுவினோவில் எழுந்து முடிக்கும்வரை பின் அந்தரத்தில் இருக்கும், அதில் மாஸ்ஃபெட் கேட் மாட்டியிருந்தால் மோட்டார் ஒருமுறை உதறும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ-ஓம் போடுங்கள். நீல நிற ரிலே போர்டுகளில் பல 'லோ' வந்தால் இயங்குபவை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ரிலே காயிலை நேராகப் பின்னில் மாட்டியவர்கள் கையை உயர்த்துங்கள். 5 வோல்ட் ரிலே சுமார் 70 மில்லிஆம்ப் கேட்கும், ஊனோவின் பின்னுக்கு 20-தான் சுகம். டிரான்சிஸ்டர் ஒன்று, காயிலின் குறுக்கே ஒரு டயோடு. அனலாக் அவுட்புட்டிலும் இதே கதைதான்: மாடல் 5 என்கிறது, மீட்டர் 1.2 காட்டுகிறது என்றால் லோடு அதிகம். 6008-இன் அவுட்புட் 5 மில்லிஆம்ப்தான் தரும், அது மோட்டாருக்கு அல்ல, மோட்டார் டிரைவருக்குச் சேதி சொல்ல மட்டுமே.

கேன் பஸ்ஸில் ஒரு ஃபிரேம்கூட வரவில்லை

கேன் பஸ் என்பது போர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு கம்பித் தடம். பவரை அணைத்து, அந்த இரண்டு கம்பிக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் டெர்மினேஷன் (முனையில் வைக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்) இல்லை, 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். 60 இருந்தும் வரவில்லை என்றால் இரு பக்கமும் பாட் வேகம் ஒன்றா என்று பாருங்கள்.

'ஸ்டாப்' அழுத்தியும் மோட்டார் நிற்கவில்லை

மாடல் நின்றுவிட்டது. போர்டுக்கு அது தெரியாது. கடைசியாகச் சொன்ன வோல்ட்டை, வேறு யாராவது வந்து மாற்றும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும். அனலாக் அவுட்புட் பிளாக்கில் ஆரம்ப மதிப்பு, இறுதி மதிப்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, பலரும் காலியாக விட்டுவிடுவது அவற்றைத்தான். நிரப்புங்கள். மடிக்கணினியே உறைந்துபோனால் இறுதி மதிப்பும் போகாது, ஆகவே ஆர்டுவினோ பக்கம் 100 மில்லிவிநாடி சேதி வராவிட்டால் தானே நிறுத்தும்படி நாலு வரி எழுதுங்கள். மோட்டாரின் பவர் ஒயரில் தலை பெருத்த சிவப்பு சுவிட்ச் ஒன்றும் கண்டிப்பாக இருக்கட்டும், கைக்கு எட்டும் தூரத்தில்.

இறுதி மதிப்பில் என்ன எழுதுவது? பூஜ்ஜியம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். 0 முதல் 5 வோல்ட் வரை ஏற்கும் மோட்டார் டிரைவர்களில் சிலவற்றுக்கு 2.5-தான் நிற்கும் இடம். 5 முழுவேக முன்னோட்டம், 0 முழுவேகப் பின்னோட்டம். என் கண்முன்னே ஒரு தம்பி நிதானமாக 'ஸ்டாப்' அழுத்தினான், தண்டவாளத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டி நின்று, திரும்பி, மின்னல் வேகத்தில் வந்து மறுமுனையில் மோதியது. அன்றிலிருந்து அந்தக் கட்டத்தை நிரப்பும் முன் டிரைவரின் கையேட்டை எடுத்து, நிற்கும் வோல்ட் எது என்று எனக்கு விரல் வைத்துக் காட்டச் சொல்கிறேன்.